போயிட்டு வாங்க, சாமி

மேற்கு மாம்பலத்தில் நாங்கள் இருந்த தெருவின் முனையில் ஒரு அரசமரம் உண்டு. அடியில் ஒரு பிள்ளையார், மஞ்சள் பூசிய ரெண்டு நாகர் கல், அவற்றைச் சுற்றி எந்த நாள் போனாலும் பத்துப் பதினைந்து சாமி படங்கள். கண்ணாடி விரிசல் விட்ட லட்சுமி, செல்லரித்த முருகன், ஓரம் கறுத்த வெங்கடாசலபதி, யாரோ கல்யாணத்துக்குக் கொடுத்து, சுற்றியிருந்த ஜிகினாத் தாளைக்கூடப் பிரிக்காமல் கொண்டுவந்து வைக்கப்பட்ட ராதாகிருஷ்ணர். மழை வந்தால் அட்டை ஊறி உப்பும், வெயில் வந்தால் சாயம் வெளுக்கும். இப்படி ஒரு மரம் இல்லாத பேட்டையே சென்னையில் கிடையாது என்பதால் ரொம்ப விவரிக்க வேண்டியதில்லை. நாற்பது வருஷமாக அந்த மரத்தைத் தாண்டிப் போயிருக்கிறேன். அந்தப் படங்களை யார், எப்போது கொண்டுவந்து வைக்கிறார்கள் என்று ஒரு நாளும் யோசித்ததில்லை. ஒரு ராத்திரி பத்தரை மணிக்கு, ஸ்கூட்டரில் காலுக்கு நடுவே ஒரு கோணிப்பையை இடுக்கிக்கொண்டு, திருடன் மாதிரி அக்கம்பக்கம் பார்த்தபடி நானே அங்கே போய் நின்றபோதுதான் தெரிந்தது.

எங்களுடையது எட்டு வீடு கொண்ட பழைய அபார்ட்மென்ட். இடித்துக் கட்டித் தருவதாக பில்டர் வந்து, ரெண்டு வருஷ இழுபறிக்கு அப்புறம் எட்டுப் பேரும் கையெழுத்துப் போட்டு, அசோக் நகரில் ஒரு வாடகை வீட்டுக்கு மாறினோம். பீரோ, கட்டில், பாத்திரம் எல்லாவற்றுக்கும் எப்படியோ இடம் கிடைத்தது. பூஜை அறைதான் உதைத்தது. வாடகை வீட்டில் பூஜைக்கென்று இருந்தது சமையல் மேடைக்குப் பக்கத்தில் ஒன்றரை அடி ஷெல்ஃப். அம்மாவிடம் இருந்தவை, நான் எண்ணியவரை, 34 படங்கள். அப்பா வாங்கியவை, தாத்தா வீட்டிலிருந்து வந்தவை, ஜவுளிக்கடைக் காலண்டரை வெட்டிச் சட்டம் போட்டவை, எங்கெங்கோ கோயிலுக்குப் போய்வந்தவர்கள் கொடுத்தவை. திருத்தணி, வடபழனி, சமயபுரம், மேல்மருவத்தூர், ராகவேந்திரர், ஷீரடி பாபா, மூன்று அளவில் ஐயப்பன், அத்தை வாங்கிவந்த வேளாங்கண்ணி மாதா. “எட்டு வெச்சுக்கலாம்மா, மீதிய என்ன பண்றது?” என்று கேட்டேன். பதில் இல்லை. ரெண்டாவது தடவை கேட்டபோது, “நீயே ஏதாவது பண்ணு, எங்கிட்ட சொல்லாதே” என்றாள். என்ன பண்ணுவேன் என்று அவளுக்கும் தெரியும், அதைப் பார்க்க மட்டும் வேண்டாம்.

அப்படித்தான் 26 படங்களோடு மரத்தடிக்குப் போனேன். பையை இறக்கும்போது பக்கத்தில் இஸ்திரி வண்டியை மூடிக்கொண்டிருந்தவர் பார்த்துவிட்டார். திட்டவில்லை. “வெச்சுட்டுப் போங்க சார், எல்லாரும் வெக்கறாங்க. காலைல குப்பை வண்டி வரும். கட்டைய யாராவது அடுப்புக்கு எடுத்துப்பாங்க, கண்ணாடிதான் ஒடஞ்சு கால்ல குத்தும்” என்று சாதாரணமாகச் சொல்லிவிட்டு, சங்கிலியைப் பூட்டியபடியே இன்னொன்றும் சொன்னார். “ஒருத்தர்கூட திரும்பிப் பாக்காம போயிடறாங்க சார். நானும் தெனம் பாத்துனுதான் இருக்கேன்.”

திரும்பிப் பார்க்காமல். அந்தச் சொல்தான் குத்திவிட்டது. அப்பாவுக்குக் கொள்ளி வைத்தபோது என்னிடமும் அதைத்தான் சொன்னார்கள். குடத்தைப் பின்னால் போட்டு உடை, திரும்பிப் பார்க்காமல் நட. பிணத்துக்குச் சொன்ன விதியை நாம் படத்துக்கும் செய்துகொண்டிருக்கிறோமா? பையைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டேன். அதற்கப்புறம் ஒரு வருஷத்துக்கு மேல் அது என் கட்டிலுக்கு அடியில் கிடந்தது. 26 சாமிகளுக்கு மேலே படுத்துத் தூங்கியவன் நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.

மலையேறும் சாமியும் மலையேறாத சாமியும்

எங்கள் வீட்டில் விளக்கை ‘அணை’ என்று சொன்னால் பாட்டி வாயிலேயே போடுவாள். ‘குளிர வை’ என்று சொல்லவேண்டும், இல்லாவிட்டால் ‘மலையேத்து’. கற்பூரம் தீர்ந்தால் மலையேறிவிட்டது. ஆடி மாதம் கூழ் ஊற்றும்போது யார் மேலாவது அம்மன் இறங்கினால், வந்தது யார் என்று கேட்டு, குறை என்ன என்று கேட்டு, செய்கிறோம் தாயே என்று சொல்லி, கற்பூரம் காட்டி மலையேற்றுவார்கள். பாதியில் விட்டுவிட்டு யாரும் சாப்பிடப் போகமாட்டார்கள். திருவிழாவில் கொடி ஏறினால் இறங்க வேண்டும். காப்புக் கட்டினால் அவிழ்க்க வேண்டும். முளைப்பாரி கடைசியில் தண்ணீருக்குப் போக வேண்டும். கொலு முடிந்த விஜயதசமி ராத்திரி ஒரு பொம்மையையாவது படுக்கவைக்காமல் எங்கள் மாடி வீட்டு மாமி தூங்கப்போனதில்லை. வரவேற்பதற்கு எத்தனை சொல் இருக்கிறதோ அத்தனை சொல் நம்மிடம் வழியனுப்பவும் இருக்கிறது.

எங்கள் இடத்தில் புதுக் கட்டடத்துக்குப் பூமி பூஜை போட்ட அன்று இதை ரொம்பக் கிட்டத்தில் பார்த்தேன். ஐயர் ஒரு தட்டில் மஞ்சள் தூளைக் கொட்டி, நாலு சொட்டுத் தண்ணீர் விட்டுப் பிசைந்து, மூன்று விரலால் பிடித்து ஒரு சின்னக் கூம்பாக வெற்றிலை மேல் வைத்தார். உச்சியில் ஒரு அருகம்புல், ஒரு குங்குமப் பொட்டு. கண் இல்லை, தும்பிக்கை இல்லை, மஞ்சளில் அவருடைய விரல் ரேகை மட்டும் தெரிந்தது. அவ்வளவுதான், அது பிள்ளையார். ஆவாகயாமி என்று அழைத்தார். உட்கார ஆசனம், கால் கழுவத் தண்ணீர், கை கழுவத் தண்ணீர், குளியல், துணி, சந்தனம், பூ, தூபம், தீபம், சாப்பாடு. பதினாறு உபசாரம் என்று பெரிய பேரில் சொல்கிறோமே தவிர, வீடு தேடி வந்த விருந்தாளிக்குச் செய்வதுதான் அத்தனையும். அரை மணி நேரம் கழித்து ‘யதாஸ்தானம்’ என்று ஏதோ சொல்லி அந்த மஞ்சள் கூம்பை ஒரு விரற்கடை வடக்கே நகர்த்தினார். முடிந்தது. இனிமேல் அது வெறும் மஞ்சள். வீட்டுப் பெண்கள் தாலியில் வைத்துக்கொள்ளலாம், கரைத்துச் செடிக்கு ஊற்றலாம்.

நகர்த்தும்போது என்ன சொன்னீர்கள் என்று அப்புறம் கேட்டேன். “க்ஷேமாய புனராகமனாய ச” என்று நிறுத்திச் சொன்னார். “அவரவர் இடத்துக்குப் போகட்டும், நல்லபடியா மறுபடி வரட்டும்னு அர்த்தம்.” எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வாசலில் நின்று நாம் சொல்வதே அதுதானே. யாரையும் ‘போங்க’ என்று சொல்லமாட்டோம், கிளம்புகிறவரும் ‘போறேன்’ என்று சொல்லமாட்டார். போயிட்டு வாங்க. போயிட்டு வரேன். இத்தனை வருஷமாகப் புரியாத மொழியில் ஏதோ பெரிய ரகசியம் போகிறது என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

கோயிலிலும் இதுதான், கொஞ்சம் பெரிய அளவில். திருப்பணிக்கு முன்னால் பாலாலயம் செய்யும்போது மூலவரிடமிருந்து கலைகளை, அதாவது சாமியின் சக்தியை, கும்பத்துத் தண்ணீருக்கு இறக்குவார்கள். அத்திப் பலகையில் ஒரு சித்திரம் எழுதி, திருப்பணி முடியும்வரை அதற்குப் பூஜை நடக்கும். கும்பாபிஷேகத்தன்று மறுபடி மூலவருக்கு. அதாவது கருங்கல்லிலிருந்தே சாமியைக் கொஞ்ச நாளைக்கு வெளியே வரச்சொல்லலாம், ஒரு பலகைச் சித்திரத்தில் தங்கச் சொல்லலாம், அங்கிருந்து கிளம்பச் சொல்லலாம், எல்லாவற்றுக்கும் முறை இருக்கிறது. 2019-ல் அம்மாவோடு காஞ்சிபுரம் போய் அத்திவரதருக்கு வரிசையில் நின்றேன். அனந்தசரஸ் குளத்துக்குள் 40 வருஷம் இருந்துவிட்டு 48 நாள் வெளியே வந்துவிட்டு மறுபடி தண்ணீருக்குள் போகிறார். முந்தைய தடவை 1979. அம்மா விரல்விட்டு எண்ணி, “அடுத்தது 2059, நான் வரமாட்டேன், நீ போ” என்றாள். கூட்டத்தில் மூச்சுத் திணறிக்கொண்டிருந்த எனக்கு அன்றைக்கு அது வெறும் பேச்சு.

ஆனால் சட்டம் போட்ட படத்துக்கு மட்டும் இந்த முறை எதுவுமே இல்லை. ஏன் இல்லை என்று யோசித்தால் விடை கொஞ்சம் சப்பென்றுதான் இருக்கிறது. அது நம் வீட்டுக்கு வந்தே ரொம்ப நாள் ஆகவில்லை. ரவி வர்மா மும்பையில் கல்லச்சு இயந்திரத்தை வைத்து அச்சகம் தொடங்கியது 1894-ல். அதுவரை தஞ்சாவூர் ஓவியம் வாங்க வசதியில்லாத வீட்டில் குத்துவிளக்கே சாமி, கலசமே சாமி, சுவரில் மஞ்சளால் போட்ட வட்டமே சாமி. அப்புறம் சிவகாசி வந்தது. கோவில்பட்டி கொண்டையராஜுவும் (1898–1976) அவருடைய சீடர்களும் வரைந்த லட்சுமியும் முருகனும் காலண்டராக அச்சாகி, மளிகைக்கடை சார்பில் வருஷா வருஷம் இலவசமாக வீட்டுக்குள் நுழைந்தார்கள். நம் மனசில் முருகன் என்றால் தோன்றும் முகம் பாதிக்கு மேல் அந்த ஊர்க்காரர்கள் கொடுத்தது. வந்த படத்தைச் சட்டம் போட்டோம், பொட்டு வைத்தோம், பூப் போட்டோம். வரவேற்பு எல்லாம் பழைய முறைப்படி நடந்தது. அனுப்புவதற்கு மட்டும் யாரும் மந்திரம் எழுதவில்லை.

இதையே அந்த ஐயரிடம் கேட்டேன். அவருக்கு ஒரு குழப்பமும் இல்லை. “பிராணப் பிரதிஷ்டை பண்ணாத படம் சார். கூப்பிட்டாத்தானே அனுப்பணும்? சட்டம், கண்ணாடி எல்லாம் கழட்டிட்டு காகிதத்தைத் தண்ணில விட்டுடுங்க, போதும்.” சாஸ்திரப்படி சரிதான். கூடவே சாளக்கிராமத்தையும் சொன்னார், அதற்கு ஆவாகனமும் கிடையாது, வழியனுப்புதலும் கிடையாது, எப்போதும் இருப்பது. சரி, படத்தில் எப்போதுமே இல்லை, சாளக்கிராமத்தில் எப்போதுமே உண்டு, மஞ்சளில் அரை மணி நேரம். கணக்கு சுத்தமாகத்தான் இருக்கிறது. ஆனால் தினமும் விடிகாலையில் அந்தப் படங்களுக்கு முன்னால் நின்று, என் பரீட்சைக்கும் அப்பாவின் ஆஞ்சியோவுக்கும் அக்காவின் பிரசவத்துக்கும் முறையிட்டுக்கொண்டிருந்தவள் யாரிடம் பேசிக்கொண்டிருந்தாள்? பொய்கையாழ்வார் இதற்கு வேறு மாதிரி பதில் சொல்கிறார். ‘தமர் உகந்தது எவ்வுருவம் அவ்வுருவம் தானே.’ அடியவர்கள் எந்த உருவத்தில் மகிழ்கிறார்களோ அந்த உருவம்தான் அவன். பிரதிஷ்டை ஆயிற்றா இல்லையா என்ற கேள்வியே அந்த வரியில் இல்லை. எனக்கு ஐயரைவிட ஆழ்வார் சொல்வதுதான் எங்கள் பூஜை அறைக்குப் பொருந்துவதாகப் பட்டது. ஆனால் பொருந்தினால் சிக்கல் கூடுகிறது. அம்மா உகந்ததால் அவன் அங்கே இருந்தான் என்றால், நான் எந்த உரிமையில் கோணிப்பையில் கட்டினேன்?

பக்கத்து வீட்டில் எப்படி

இந்தக் கேள்வி தலைக்குள் ஏறியதும், கண்ணில் படுகிறவர்களிடம் எல்லாம் கேட்க ஆரம்பித்தேன். ஆபீஸில் கூட வேலை பார்த்த பஞ்சாபிக்காரர் ஒரு ஞாயிற்றுக்கிழமை தி.நகர் ஜி.என். செட்டி ரோட்டு குருத்வாராவுக்குக் கூட்டிக்கொண்டு போனார். சீக்கியர்களுக்கு உருவம் கிடையாது, சரி, நம் கதைக்கும் அவர்களுக்கும் சம்பந்தமில்லை என்று நினைத்துப் போனேன். அங்கே போனால் நம்மைவிட ஒரு படி மேலே. 1708-லிருந்து குரு கிரந்த் சாகிப்தான் அவர்களுக்குக் குரு. 1430 பக்கம். காலையில் துணியை விலக்கித் திறப்பதற்கு ‘பிரகாஷ்’ என்று பெயர், ராத்திரி மூடித் தலைமேல் தூக்கிக்கொண்டு போய்ப் படுக்கவைப்பதற்கு ‘சுகாசன்’. கொலு பொம்மையை வருஷத்துக்கு ஒரு தடவை படுக்கவைக்கிறோம், அவர்கள் தினமும். “பழசாகிக் கிழிஞ்சு போனா?” என்று கேட்டேன். அவர் குரலைத் தாழ்த்திக்கொண்டார். பஞ்சாபில் கோயிந்த்வால் என்ற ஊருக்கு மரியாதையாகக் கொண்டுபோய், பாட்டுப் பாடித் தகனம் செய்வார்களாம். மனிதருக்குச் செய்வது மாதிரி. குப்பை என்ற பேச்சுக்கே இடமில்லை.

புரி ஜகந்நாதர் கதையை அங்கேதான் எங்களுடன் வந்திருந்த ஒடிசாக்காரர் எடுத்தார். மரத் திருமேனி ஆயிற்றே, சில வருஷங்களுக்கு ஒரு தடவை புதிதாகச் செய்தாக வேண்டும். 1977, 1996, கடைசியாக 2015. உள்ளே இருக்கும் ‘பிரம்ம பதார்த்தம்’ என்ற ஒன்றைக் கண்ணைக் கட்டிக்கொண்டு, கையைத் துணியால் சுற்றிக்கொண்டு, பழையதிலிருந்து புதியதற்கு மாற்றுவார்கள். பழைய திருமேனியைக் கோயிலுக்குள்ளேயே கோயிலி வைகுண்டம் என்ற இடத்தில் புதைப்பார்கள். அதற்கப்புறம் அந்தச் சேவகர்கள் பத்து நாள் தீட்டுக் காக்கிறார்கள், மொட்டை போடுகிறார்கள், சொந்த அப்பன் போனால் செய்வது எல்லாம். இதைக் கேட்டபோது எனக்கு இஸ்திரிக்காரர் ஞாபகம் வந்தது. திரும்பிப் பார்க்காமல் போவது தப்பில்லை, ஆனால் அதற்குமுன் அழுதிருக்க வேண்டும் போலிருக்கிறது.

ஆனால் என்னை ரொம்ப நாள் அலைக்கழித்தவர் வந்தவாசிப் பக்கத்திலிருந்து வந்த என் பள்ளி நண்பன், தமிழ்ச் சமணன். அவர்கள் கணக்கில் தீர்த்தங்கரர் வினையெல்லாம் அறுத்து உலகத்தின் உச்சிக்குப் போய்விட்டவர். கூப்பிட்டால் வரமாட்டார், வரம் தரமாட்டார், கோபப்படவும் மாட்டார். படைத்ததைப் பிரசாதமாகத் திருப்பி வாங்கிச் சாப்பிடுவதும் கிடையாது, விட்டது விட்டதுதான். அப்புறம் ஏண்டா பூஜை என்று கேட்டேன். “அதுலதான் வேடிக்கை இருக்கு. எங்க பூஜையிலயும் ‘இங்கே வாங்க, இங்கே இருங்க’ன்னு ஆரம்பத்துல வரும், கடைசியில விசர்ஜனமும் வரும். அவர் வரமாட்டார்னு தெரிஞ்சேதான் கூப்பிடறோம். கூப்பிடறப்போ நாமதான் கொஞ்சம் அங்க போறோம்.” அவன் சொல்லிவிட்டு டீயைக் குடிக்கப் போய்விட்டான். நான் அதை விட முடியாமல் வீடு வரைக்கும் கொண்டுவந்தேன். நிறைந்து இருப்பதை எங்கிருந்து அழைப்பது, எல்லாவற்றையும் தாங்குவதற்கு எங்கே ஆசனம் போடுவது என்று ஆதிசங்கரர் பேரில் வழங்கும் ஒரு சுலோகமும் கேட்கிறது. எங்கும் இருப்பவரை அழைப்பதும் வீண், எங்கேயும் வராதவரை அழைப்பதும் வீண். ரெண்டு கட்சிக்காரர்களும் தெளிவாக அதைத் தெரிந்துகொண்டு, தினமும் காலையில் அழைத்துக்கொண்டிருக்கிறார்கள்.

கண்ணாடி

ஐயர் சொன்னபடி காகிதத்தைத் தனியாக எடுப்பதற்காக, ஆரிய கவுடா ரோட்டிலிருந்து பிரியும் ஒரு சந்தில் இருக்கும் பிரேம் கடைக்குப் பையைக் கொண்டுபோனேன். மழைநாள், கடையில் வேலை இல்லை. வயசானவர், மூக்கு நுனியில் கண்ணாடி. முதலில் கையில் வந்தது பெரிய லட்சுமி. அம்மாவின் கல்யாணத்துக்கு முன்னாலேயே தாத்தா வீட்டில் இருந்தது. தாமரை, ரெண்டு யானை, கையிலிருந்து கொட்டும் காசு. எனக்கு நினைவு தெரிந்த நாள் முதல் அதன் நெற்றியில் ஒரு பெரிய பொட்டு இருக்கும், சந்தனத்தைக் குழைத்து வைத்து அதன்மேல் குங்குமம். வெள்ளிக்கிழமை துடைத்தாலும் முழுசாகப் போகாது, பழசின்மேல் புதுசு ஏறி, தொட்டால் விரலில் தடுக்கும் அளவுக்குக் கெட்டியாகிவிட்டது. குழந்தையில் நான் அந்த மேட்டைச் சுரண்டி அடி வாங்கியிருக்கிறேன்.

அவர் படத்தைக் குப்புறப் போட்டு, குறடால் துருப்பிடித்த ஆணிகளை ஒவ்வொன்றாகப் பிடுங்கினார். பின்னட்டை மாவாக உதிர்ந்தது. காகிதத்தை உருவி எடுத்து மேஜையில் வைத்துவிட்டு, “பாருங்க சார்” என்றார்.

லட்சுமியின் நெற்றி காலியாக இருந்தது. அச்சடித்த சின்னத் திலகம் மட்டும், நேற்று வைத்த மாதிரி. ஐம்பது அறுபது வருஷப் பொட்டும் கண்ணாடியோடு போய்விட்டது. சட்டத்துக்குள் மறைந்திருந்த ஓரத்தில் அசல் நீலம் அப்படியே இருந்தது, அடியில் பாதி வெட்டுப்பட்ட எழுத்தில் ஏதோ ஒரு கடையின் ‘அண்டு சன்ஸ்’. “பொட்டெல்லாம் கண்ணாடிக்குத்தான் சார். படத்த யாரு தொட்டா?” என்று சொல்லிக்கொண்டே அவர் கண்ணாடியை வெளிச்சத்துக்கு நேராகத் தூக்கிப் பிடித்தார். அந்தரத்தில் ஒரு சிவப்புக் கட்டி. அதற்குப் பின்னால் யாரும் இல்லை, மழை பெய்யும் சந்து.

அதை எவ்வளவு நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன் என்று தெரியவில்லை. அத்தனை வருஷம் அம்மா தொட்டுக்கொண்டிருந்தது லட்சுமியை இல்லை. அவளுக்கும் லட்சுமிக்கும் நடுவில் இருந்த ஒன்றை. இதைச் சிவவாக்கியர் பார்த்திருந்தால் நட்ட கல்லோடு நிறுத்தாமல் கண்ணாடிக்கும் ஒரு பாட்டுப் பாடியிருப்பார். ஆனால் எனக்கு ஏனோ கேலியாகத் தோன்றவில்லை. தண்ணீர் பட்டால் கெட்டுப்போகும் மரத் திருமேனிக்கும் சித்திரத்துக்கும் அபிஷேகம் எப்படிச் செய்வார்கள் தெரியுமா, எதிரே ஒரு கண்ணாடியை வைத்து, அதில் தெரியும் பிம்பத்தின்மேல் தண்ணீரை ஊற்றுவார்கள். தர்ப்பண ஸ்நானம் என்று பெயர். முகம் பார்ப்பதும் கண்ணாடி, படத்துக்குப் போடுவதும் கண்ணாடி, நமக்கு ரெண்டுக்கும் ஒரே சொல். அம்மா செய்ததும் அதுதான், பேர் தெரியாமல்.

பௌத்தர்களிடம் இதற்குத் துல்லியமாக ஒரு பாகுபாடு இருக்கிறது. வழிபடத் தக்கவை மூன்று வகை என்கிறது பாலி மரபு: புத்தரின் உடலிலிருந்து வந்த அஸ்தி போன்றவை சாரீரிகம், அவர் பயன்படுத்திய திருவோடு, போதிமரம் போன்றவை பாரிபோகிகம், அவரை நினைவுபடுத்தும் உருவங்கள் உத்தேசிகம். எழும்பூர் அருங்காட்சியகத்தில் அமராவதிக் கற்களைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், பல சிற்பங்களில் புத்தரே இருக்கமாட்டார், ஒரு காலி ஆசனம், ரெண்டு பாதச் சுவடு, ஒரு மரம், சுற்றிலும் கும்பிடும் கூட்டம். உருவத்தைவிடப் பயன்பட்ட பொருளுக்கு அங்கே மதிப்பு அதிகம். அந்தக் கணக்கில் என் லட்சுமிப் படம் வெறும் உத்தேசிகம். கண்ணாடிதான் பாரிபோகிகம், ஆனால் சாமி பயன்படுத்தியது இல்லை, அம்மா பயன்படுத்தியது. இப்படி ஒரு நாலாவது வகையை யாரும் எழுதிவைத்ததாகத் தெரியவில்லை.

இதெல்லாம் எனக்கு வீட்டுக்குப் போன பிறகு தோன்றியவை. அங்கே அந்த நிமிஷத்தில் நடந்தது வேறு. அவர் ஒரு பழைய பிளேடை எடுத்து அந்தப் பொட்டைச் சுரண்ட ஆரம்பித்தார். எனக்குப் பகீர் என்றது, ஆனால் என்ன சொல்லித் தடுப்பது? பாளம் பாளமாகப் பெயர்ந்து கீழே விரித்திருந்த செய்தித்தாளில் விழுந்தது, மேலே சிவப்பு, நடுவில் சந்தன மஞ்சள், அதற்கும் கீழே கருஞ்சிவப்பு, மறுபடி மஞ்சள். வெட்டிய மரத்தில் வளையம் தெரிவது மாதிரி. ரெண்டு ஸ்பூன் அளவு இருக்கும். சுரண்டி முடித்ததும் கண்ணாடியைத் துடைத்து மற்ற கண்ணாடிகளோடு சுவரில் சாய்த்துவிட்டு, கீழே விழுந்ததை என்ன செய்வது என்று என்னைப் பார்த்தார். நானும் அவரைப் பார்த்தேன். “குப்பையில போட மனசு வரல சார்” என்று, மளிகைக்கடையில் சீரகம் மடிப்பது மாதிரி பொட்டலமாக மடித்துக் கையில் கொடுத்தார். மீதி 25 படத்துக்கும் அப்படியே செய்தோம். பொட்டு இருந்தவை பதினொன்று. கண்ணாடிக்கும் சட்டத்துக்கும் கூலியைக் கழித்துக்கொண்டார்.

வாளி

வீட்டுக்கு வந்து பொட்டலங்களை அம்மாவுக்கு முன்னால் வைத்து, நடந்ததை மறைக்காமல் சொன்னேன். ஒரு வருஷமாகக் கட்டிலுக்கு அடியில் இருந்ததையும். அழுவாள் என்று பயந்தேன். அவள் பொட்டலத்தைப் பிரித்து, மோந்து பார்த்து, “இது அந்தக் காலத்துத் தாழம்பூ குங்குமம். இப்போ இந்த வாசனை வர்றதில்ல” என்றாள். நெற்றி காலியாக இருந்ததைச் சொன்னபோது என்னை ஒரு மாதிரி பார்த்தாள். “ஏன், எனக்குத் தெரியாதா? கண்ணாடி மேலதான்டா வெச்சேன்.” பத்து மாதமாக நான் ஊரெல்லாம் போய் விசாரித்ததற்கு அவளிடம் முதலில் கேட்டிருக்கலாம்.

“நீ கூப்பிட்டவங்க. நீதான் அனுப்பணும், நான் அனுப்பினா சரியா வராது” என்றேன். யோசித்துவிட்டு, “வெள்ளிக்கிழமை வேண்டாம், சனிக்கிழமையும் வேண்டாம், ஞாயித்துக்கிழமை பண்ணலாம்” என்றாள். ஞாயிறு காலை துணி துவைக்கும் இடத்தில் பெரிய வாளியில் தண்ணீர் பிடித்து, கொஞ்சம் மஞ்சள் போட்டு, பக்கத்தில் ஒரு விளக்கு. வேளாங்கண்ணி மாதாவை மட்டும் எடுத்துத் தனியாக வைத்தாள். “அவங்களுக்கு நம்ம முறை எப்படியோ, அத்தைகிட்டயே குடுத்துடு.” மற்ற படங்களை ஒவ்வொன்றாக எடுத்து, வாங்கிய கதையைச் சொல்லி, கண்ணில் ஒற்றி, தண்ணீருக்குள் விட்டாள். மந்திரம் எதுவும் இல்லை. போயிட்டு வாங்க. ராகவேந்திரரிடம் மட்டும், எதற்கு என்று சொல்லாமல், “மன்னிச்சுக்கோங்க” என்றாள்.

படிக்கும்போது அழகாக இருக்கும், நடந்தபோது அவ்வளவு அழகாக இல்லை. பழைய லட்சுமி ஒரு மணி நேரத்தில் ஊறிக் குழைந்துவிட்டாள். புதுக் காலண்டர்த் தாள், வழவழப்பு வேறு, கரைவேனா என்றது. மூன்றாவது நாளும் ஐயப்பன் மூன்று அளவிலும் மிதந்துகொண்டிருந்தார். வேலைக்கு வரும் அம்மா வாளியைப் பார்த்து, “ஐயய்யோ, சாமி மொதக்குது” என்று பின்வாங்கிவிட்டார். கடைசியில் அம்மாவே முழங்கை வரை கையை விட்டு, சின்னச் சின்னதாகக் கிழித்து, மாவு பிசைவது மாதிரி பிசைந்தாள். குங்குமப் பொட்டலங்களை அதிலேயே கொட்டினாள். தண்ணீர் செக்கச்செவேல் என்றாயிற்று. செம்பருத்தித் தொட்டிக்குக் கொஞ்சம், வாசலில் இருக்கும் வேப்பமரத்துக்கு மீதி.

கையைக் கழுவும்போது கேட்டாள். “கண்ணாடியெல்லாம் எங்கே?”

“கடையிலயே விட்டுட்டேம்மா. வேற யாருக்காவது போட்டுக் குடுப்பார்.”

“துடைச்சுட்டுத்தானே போடுவாரு?”

“துடைச்சுட்டார்.”

“சரி” என்று வாளியைக் கவிழ்த்து வைத்துவிட்டுக் குழம்பைப் பார்க்க உள்ளே போனாள்.